28 வாரம் என்றால் எத்தனை மாதம்? பொகவந்தலாவை வாசகிக்கு ஒரு மகப்பேற்று வைத்தியரின் பதில்

கேள்வி: நான் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 24. இது முதல் பிள்ளை. கடைசியாக மாதவிடாய் வந்தது மார்ச் 5ஆம் திகதி, புதன்கிழமை. 11ஆவது வாரத்தில் முதல் ஸ்கேன் எடுத்தார்கள். கணக்குச் சரியாக இருக்கிறது என்றார்கள். செப்டெம்பர் 17ஆம் திகதி கிளினிக்குக்குப் போனபோது மருத்துவமாது 28 வாரம் என்று அட்டையில் எழுதினார். வீட்டில் சொன்னதும், "ஏழு மாதம் முடிந்து எட்டு பிறந்துவிட்டது, இனி வளைகாப்புப் போடக் கூடாது" என்கிறார் அம்மா. "இன்னும் ஐந்தரை மாதம்தான் ஆகிறது" என்கிறார் மாமியார். கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் கைபேசியில் பார்த்துவிட்டு ஏழாம் மாதம் நடக்கிறது என்கிறார். பிரசவத் திகதியும் மூன்று விதமாக இருக்கிறது. அட்டையில் டிசம்பர் 10. ஒரு வைத்தியர் விரல்விட்டு எண்ணி டிசம்பர் 12 என்றார். இப்போது எடுத்த ஸ்கேனில் டிசம்பர் 19. எது சரி? பிரசவ லீவு 12 வாரம் என்றால் மூன்று மாதம்தானே? என் கணவர் எந்தத் திகதிக்கு லீவு கேட்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கேட்டதற்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பர் 17ஆம் திகதி உங்களுக்கு 28 வாரம் நிறைந்தது. மாதக் கணக்கில் அது ஆறு மாதமும் 12 நாளும். மார்ச் 5 முதல் செப்டெம்பர் 5 வரை ஆறு மாதம். அதற்கு மேல் 12 நாள். ஆகவே ஆறு மாதம் முடிந்து ஏழாம் மாதம் நடக்கிறது. பிரசவத் திகதியாக அட்டையில் உள்ள டிசம்பர் 10ஐயே வைத்துக்கொள்ளுங்கள். 12 வார லீவு மூன்று மாதம் அல்ல, அதைவிட ஒரு வாரத்துக்கு மேல் குறைவு. இந்தப் பதில்களுக்கான காரணங்களையும் விளக்க விரும்புகிறேன். உங்களுக்கு முன்னால் இன்னும் 12 வாரம் இருக்கிறது. அந்த 12 வாரத்தில் இந்தக் கணக்கு பல தடவை உங்களுக்குத் தேவைப்படும்.

உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதைக் கேட்டுக் குழம்பியிருக்கிறீர்கள். மூன்று பேரும் ஒரே வயிற்றைத்தான் எண்ணுகிறார்கள். எண்ணத் தொடங்கும் இடமும் எண்ணும் முறையும்தான் வேறு.

அம்மா 28ஐ நாலால் வகுத்து ஏழு என்கிறார். நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் வகுக்கிறோம். ஆனால் நாலு வாரம் என்பது 28 நாள். சாதாரண ஆண்டின் பெப்ரவரியைத் தவிர வேறெந்த மாதமும் 28 நாளோடு முடிவதில்லை. நாலு வாரத்தை ஒரு மாதமாக வைத்துப் பன்னிரண்டு மாதம் எண்ணினால் 336 நாள்தான் வரும். ஆண்டில் 29 நாள் எங்கும் சேராமல் நிற்கும். ஒரு மாதத்துக்குச் சராசரியாக 30 நாளும் ஏறத்தாழ பத்து மணித்தியாலமும் உண்டு. வாரத்தில் சொன்னால் நாலு வாரத்தோடு இன்னும் இரண்டரை நாள். ஒரு மாதத்தில் இந்த இரண்டரை நாள் பெரிதாகத் தெரியாது. ஏழு மாதம் எண்ணும்போது அதுவே சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. அம்மாவின் கணக்கு முன்னால் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

மாமியார் எண்ணத் தொடங்கியிருப்பது வேறு நாளிலிருந்து. மாதவிடாய் வரவேண்டிய நாளில் வராமல் தள்ளிப்போனதே, அங்கிருந்து எண்ணுகிறார். உங்களுக்கு அது ஏப்ரல் 2ஆம் திகதியை ஒட்டி இருந்திருக்கும். அங்கிருந்து பார்த்தால் செப்டெம்பர் நடுவில் ஐந்தரை மாதம் சரியாக வருகிறது. மருத்துவக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த நாளில் கரு இன்னும் உருவாகவே இல்லை. ஒழுங்காக மாதவிடாய் வரும் பெண்களில் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் கரு உருவாகிறது. அப்படியிருந்தும் அங்கிருந்து எண்ணுவதற்குக் காரணம் எளிது. கரு உருவான நாள் எவருக்கும் தெரியாது. மாதவிடாய் வந்த நாள் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து எண்ணுவதுதான் நம்பகமான வழி.

உங்கள் கணவர் சொல்லும் ஏழாம் மாதம் சரி. ஆனால் அது நடக்கும் மாதம், முடிந்த மாதம் அல்ல. ஆறு முடிந்ததும் ஏழு நடப்பதும் ஒரே நிலைதான். இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் வீடுகளில் பாதிக் குழப்பம் வருகிறது. குழந்தை பிறந்த பிறகும் இது தொடரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரியவர்கள் பத்து மாதம் சுமந்து பெற்றதாகச் சொல்வதும், வைத்தியர்கள் ஒன்பது மாதம் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நிறைகர்ப்பம் 40 வாரம், அதாவது 280 நாள். 28 நாள் கொண்ட மாதங்களாக எண்ணினால் அது சரியாகப் பத்து. நாட்காட்டி மாதங்களில் உங்களுக்கு அது ஒன்பது மாதமும் ஐந்து நாளும். பத்தாம் மாதம் தொடங்கிவிட்டிருக்கும். போயா நாளுக்குப் போயா நாள் என்று எண்ணும் வீடுகளும் நம் பக்கத்தில் உண்டு. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் என்பதால், அந்தக் கணக்கில் ஒன்பதரை வரும். தமிழ் மாதத்தில் எண்ணினாலும் ஒரே சீராக இராது. மார்கழி 30 நாளைத் தாண்டுவதில்லை, ஆனி 32 நாள் வரை போகும். மாதம் என்ற அளவுகோல் எந்த நாட்காட்டியிலும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. வாரம் மட்டும் எந்த நாட்காட்டியிலும் ஏழு நாள்தான். கிளினிக்கில் நாங்கள் வாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

தோட்டத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை வந்தாலும், வேலை நாட்களைப் பதியும் செக்ரோலில் ஒவ்வொரு நாளும் தனித்தனியாகத்தான் விழ வேண்டும். இந்த மாதம் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் சுமாராக ஒரு மாதம் என்று எவரும் சொல்வதில்லை. ஒரு பேர் குறைந்தாலும் கணக்குப்பிள்ளையிடம் போய்க் கேட்கிறோம். அதே கண்டிப்பு வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கணக்கிலும் வேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். ஓர் இரவு உங்களுக்கு இடுப்புவலி வருகிறது, அல்லது தண்ணீர்க்குடம் உடைகிறது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை வாரம் என்பதுதான். அம்மா எட்டு மாதம் என்று சொன்னால் அவர் கணக்கில் அது 32 வாரம். கணவர் எட்டாம் மாதம் நடக்கிறது என்று சொன்னால் அது முப்பதரை வாரத்திலிருந்து 35 வாரம் வரை எதுவாகவும் இருக்கலாம். மாமியார் எட்டு மாதம் முடிந்தது என்று சொன்னால், தள்ளிப்போன நாளிலிருந்து எட்டு மாதம், அதாவது 39 வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. அதே எட்டு மாதம்தான். ஆனால் 30 வாரப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதும் 39 வாரப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதும் முற்றிலும் வேறு.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் பிள்ளை குறைமாதப் பிள்ளை. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் நடந்துவிடும்போல் இருந்தால், பிள்ளையின் நுரையீரல் விரைவாகப் பக்குவப்படுவதற்குத் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போடுவோம். அது வேலை செய்ய நேரம் வேண்டும், அதற்காக வலியைச் சற்றுத் தள்ளிப்போட மருந்து கொடுக்க நேரலாம். குறைமாதப் பிள்ளையைப் பராமரிக்கும் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்ப வேண்டியும் வரலாம். 39 வாரமாக இருந்தால் இவை எதுவும் வேண்டாம். பிரசவ அறைக்குப் போக வேண்டியதுதான். இந்த முடிவுகளை இரவு இரண்டு மணிக்கு, உங்களைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு வைத்தியர் எடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு உதவக்கூடிய ஒரே காகிதம் உங்கள் கிளினிக் அட்டை. அது எப்போதும் உங்களோடு இருக்கட்டும். மலைக்கு வேலைக்குப் போகும்போதும், அம்மா வீட்டுக்குப் போகும்போதும் கொண்டுபோங்கள்.

அந்த அட்டையை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்தை எழுதும் இடத்தில் 28+3 என்பதுபோல் எழுதியிருப்பார்கள். 28 வாரமும் மூன்று நாளும் என்று பொருள். சிலர் இதை இருபத்தெட்டுப் புள்ளி மூன்று என்று படித்துவிடுகிறார்கள். அது தசமக் கணக்கு அல்ல. ஆறு நாளுக்கு மேல் கூட்டல் குறிக்குப் பின்னால் வராது; 28+6க்கு அடுத்த நாள் 29 வாரம். உங்களுக்கு மாதவிடாய் வந்தது புதன்கிழமை என்பதால், ஒவ்வொரு புதன்கிழமையும் உங்கள் வாரம் ஒன்று கூடும். வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியை எடுத்து, இன்று முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு புதன்கிழமைக்குப் பக்கத்திலும் வாரத்தின் எண்ணை எழுதிவிடுங்கள். ஒக்டோபர் 1இல் 30. ஒக்டோபர் 29இல் 34. நவம்பர் 19இல் 37. டிசம்பர் 10இல் 40, அதுவும் புதன்கிழமைதான். இதை எழுதி வைத்துவிட்டால், நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தாலும் வீட்டில் எழுத்தறிந்த எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வாரத்தை மாதமாக மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், நாலால் வகுக்காதீர்கள். 13 வாரம் மூன்று மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 13 வாரம் 91 நாள், ஆண்டில் கால்பங்கு. ஆகவே 26 வாரம் ஆறு மாதம், 39 வாரம் ஒன்பது மாதம். உங்கள் 28 வாரம் அப்போது 26உம் இரண்டும்: ஆறு மாதமும் இரண்டு வாரமும். ஓரிரு நாள் முன்பின்னாக இருந்தாலும் வீட்டுப் பேச்சுக்கு இது போதும். மிகச் சரியாக வேண்டுமென்றால், திகதிக்குத் திகதி நாட்காட்டியில் எண்ணுவதைவிட நல்ல வழி இல்லை.

இனி உங்கள் மூன்று பிரசவத் திகதிகளுக்கு வருகிறேன். டிசம்பர் 10உம் 12உம் ஒரே கணக்கின் இரண்டு வடிவங்கள். மருத்துவமாதின் கையில் இருக்கும் வட்ட அட்டையைச் சுழற்றினால் அது 280 நாளை எண்ணி டிசம்பர் 10ஐக் காட்டும். விரல்விட்டு எண்ணிய வைத்தியர், ஜெர்மனியைச் சேர்ந்த நேகலே என்ற மகப்பேற்று வைத்தியரின் பெயரால் வழங்கும் பழைய விதியைப் பயன்படுத்தியிருக்கிறார். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, ஒன்பது மாதம் முன்னே போக வேண்டும். 5உம் 7உம் 12. மார்ச்சிலிருந்து ஒன்பது மாதம் டிசம்பர். இதில் மாதங்களின் நீளம் குறுக்கே வருகிறது. மார்ச் 5இலிருந்து டிசம்பர் 5 வரை 275 நாள். ஏழைக் கூட்டினால் 282. ஜூன் முதலாம் திகதியிலிருந்து எண்ணும் பெண்ணுக்கு இதே விதி சரியாக 280ஐத் தரும். எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து 280க்கும் 283க்கும் இடையில் மாறும். இரண்டு நாள் வித்தியாசத்துக்காக எவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

டிசம்பர் 19 அப்படியல்ல. அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால்தான் 11ஆவது வாரத்தில் தலையிலிருந்து பிட்டம் வரை நீளத்தை அளந்து சொல்லும் வயது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சரியாக இருக்கும். உங்கள் முதல் ஸ்கேன் மாதவிடாய்த் திகதியோடு ஒத்துப்போய்விட்டது. அத்தோடு திகதி உறுதியாகிவிட்டது. பிந்திய மாதங்களில் பிள்ளைக்குப் பிள்ளை உருவம் வேறுபடும். அப்போது ஸ்கேன் இயந்திரம் பிள்ளையின் தலை, வயிறு, தொடை எலும்பை அளந்து, இந்த அளவு சராசரியாக எந்த வாரத்துக்கு உரியது என்று கணக்கிட்டு ஒரு திகதியை அச்சிடுகிறது. அதில் இரண்டு, மூன்று வாரம்கூட முன்பின்னாகலாம். அது பிள்ளையின் அளவைச் சொல்லும் திகதி. பிறக்க வேண்டிய நாளை அது மாற்றுவதில்லை.

இங்கே ஒரு தவறு நடந்துவிடக் கூடாது. ஸ்கேனில் டிசம்பர் 19 வந்தது என்று அட்டையில் உள்ள திகதியை ஒன்பது நாள் பின்தள்ளினால், பிள்ளை சரியான அளவில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் பிள்ளை எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கலாம். அந்தச் செய்தி மறைந்துபோகும். இந்த ஒன்பது நாள் வித்தியாசத்தை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. நீங்களும் உங்கள் கணவரும் சிறிய உடல்வாகு உள்ளவர்களாக இருக்கலாம். ஆனால் தோட்டப் பகுதிகளில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். இரத்தச்சோகையும் போதாத உணவும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆகவே அடுத்த கிளினிக்கில் இந்த ஸ்கேன் தாளைக் காட்டி, பிள்ளையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா, மறுபடி எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவமாது ஒவ்வொரு முறையும் நாடாவால் வயிற்றை அளக்கிறாரே, அதுவும் இதற்காகத்தான். இந்தக் காலத்தில் சென்டிமீற்றர் அளவு வாரத்தின் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுங்கள். தேநீரோடு சேர்த்துப் போடாதீர்கள், தேயிலை அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளாமல் நீங்கள் சாப்பிடுங்கள். உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும் பெண்களுக்கும், கருத்தடை ஊசியை நிறுத்திய கொஞ்சக் காலத்தில் கருவுற்றவர்களுக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி கருவுற்றவர்களுக்கும் மாதவிடாய்த் திகதியை நம்பி எண்ண முடியாது. அவர்களுக்கு முதல் ஸ்கேன்தான் கணக்கின் தொடக்கம். உங்கள் லயத்தில் அப்படி யாராவது இருந்தால், 14 வாரத்துக்கு முன்பே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஏழாம் மாதத்தில் வந்து வாரம் கேட்டால் எங்களாலும் திட்டமாகச் சொல்ல முடியாது.

வளைகாப்பைப் பற்றி அம்மா கவலைப்படுகிறார். நாட்காட்டிப்படி உங்கள் ஏழாம் மாதம் செப்டெம்பர் 5இல் தொடங்கி ஒக்டோபர் 4 வரை நடக்கிறது. அதற்குள் நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அதை உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். நான் கேட்பது, அன்று நீண்ட நேரம் உங்களை நிற்க வைக்காமல், நேரத்துக்குச் சாப்பிட வைக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

ஆனால் எட்டாம் மாதத்தைப் பற்றி நம் ஊர்களில் சொல்லும் இன்னொரு பேச்சுக்கு நான் உடன்பட முடியாது. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்பார்கள். இது உண்மையல்ல. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு இலாபம். 28 வாரத்தில் பிறந்த பிள்ளையைவிட 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கும், அதைவிட 36 வாரத்தில் பிறந்ததற்கும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். எட்டாம் மாதம்தானே, எப்படியும் தங்காது என்று நினைத்து வைத்தியசாலைக்குப் போகத் தாமதித்தால் காப்பாற்றக்கூடிய உயிரை இழந்துவிடுவோம். இரத்தம் பட்டாலும், தண்ணீர் போல் வடிந்தாலும், வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கினாலும், பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் எந்த மாதம் என்று பார்க்க வேண்டாம், அன்றே போங்கள். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக டிக்கோயா வைத்தியசாலைக்குப் போகும் பாதை வளைவுகள் நிறைந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் பாதை மூடியும் போகலாம். அதனால் 36 வாரம் ஆகும் நவம்பர் 12க்கு முன்பே, இரவில் வலி வந்தால் யார் வாகனம், எந்த வழி, யார் கூட வருவது என்பதையெல்லாம் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இனி லீவு. தோட்டத் தொழிலாளர்களான பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி 12 வாரம்: பிரசவ நாளையும் சேர்த்து அதற்கு முன் இரண்டு வாரம், பிரசவத்துக்குப் பின் பத்து வாரம். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து ஆறு வாரம்தான் என்று இருந்தது. 2018இல் சட்டத்தைத் திருத்தி அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டார்கள். 12 வாரம் என்பது 84 நாள். மூன்று மாதம் என்பது தொடங்கும் மாதத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 90 முதல் 92 நாள். டிசம்பர் 10இல் பிள்ளை பிறந்தால், உங்கள் 12 வாரம் நவம்பர் 27இல் தொடங்கி பெப்ரவரி 18இல் முடியும். மூன்று மாதம் என்று நம்பியிருந்தால் பெப்ரவரி 26 வரை வீட்டில் இருப்பீர்கள். எட்டு நாள் வேலைக்கு வராத கணக்கில் விழும். அதனால் தோட்டக் காரியாலயத்தில் லீவுக்குக் கடிதம் கொடுக்கும்போது, மாதக் கணக்கில் பேசாமல், தொடங்கும் திகதியையும் திரும்ப வேண்டிய திகதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை முன்பின்னாகப் பிறந்தால் பிரசவத்துக்குப் பிந்திய பத்து வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். அதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். லீவு தொடங்கும் வரை செங்குத்தான மலைகளில் நிறைந்த கூடையோடு ஏறி இறங்குவதைத் தவிர்க்க, கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து இலேசான வேலை கேளுங்கள்.

குழந்தை பிறந்ததும் கணக்கு மாதத்துக்கு மாறிவிடும். அங்கே முடிந்த மாதம்தான் செல்லும். டிசம்பர் 10இல் பிறந்த பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிவது பெப்ரவரி 10. எட்டு வாரம் என்று எண்ணினால் பெப்ரவரி 4 வரும். நம் நாட்டில் பிள்ளைகளுக்கு இரண்டு, நாலு, ஆறு மாதம் முடிந்ததும் தடுப்பூசி போடுகிறார்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் சின்னமுத்து உள்ளிட்ட நோய்களுக்கான ஊசி. திகதியை மருத்துவமாது அட்டையில் எழுதிவிடுவார். அதைவிட முக்கியமாக நான் சொல்ல வேண்டியது தாய்ப்பாலைப் பற்றி. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது ஆறு மாதம் முடியும் வரை. பலர் ஆறாம் மாதம் பிறந்ததும், அதாவது ஐந்து மாதம் முடிந்த உடனேயே, கஞ்சியும் பிஸ்கட்டும் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் நாலால் வகுத்து 24 வாரத்தில் தொடங்குகிறார்கள். 26 வாரம் ஆக வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அது ஜூன் 10. பெப்ரவரியில் நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பீர்கள் என்பதால், தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வந்து பால் கொடுக்க எந்த நேரம் விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கறந்து வைத்துவிட்டுப் போகும் முறையை மருத்துவமாது காட்டித் தருவார்.

பிள்ளை 37 வாரத்துக்கு முன் பிறந்தால் இன்னொரு கணக்கும் சேரும். ஆறு வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசியைப் பிறந்த நாளிலிருந்தே எண்ணிப் போடுவோம். ஆனால் தலை நிற்பதையும் உட்காருவதையும் பார்க்கும்போது அந்த ஆறு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் வருந்தக் கூடாது.

கடைசியாக உங்கள் கணவரின் லீவு. குறித்த திகதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றில் நாலைந்துதான். டிசம்பர் 10க்கு மட்டும் லீவு கேட்டால், அன்று அவர் வந்து வெறுமனே காத்திருக்கவும் கூடும். அவர் கொழும்பில் இருக்கும்போதே பிள்ளை பிறந்துவிடவும் கூடும். 37 வாரம் நிறையும் நவம்பர் 19 முதல் 41 வாரம் நிறையும் டிசம்பர் 17 வரை எந்த நாளும் பிரசவ நாளாகலாம் என்று அவர் வேலைத்தலத்தில் சொல்லி வைக்கட்டும். தொலைபேசி வந்ததும் புறப்பட அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். உறுதியான லீவு நாட்களை உங்களை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு எடுத்தால் உங்களுக்கு அதிக உதவியாக இருக்கும். முதல் பிரசவம் முடிந்து வரும் பெண்ணுக்குத் துணை வேண்டியது அந்த முதல் வாரத்தில்தான். டிசம்பர் 10 கடந்தும் வலி வராவிட்டால் வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். வைத்தியசாலையில் வந்து படுக்கச் சொல்லிக் கிளினிக்கில் ஒரு திகதி தருவார்கள், அந்தத் திகதியில் அட்டையோடு போய்விடுங்கள்.